திருத்திய விடைத்தாள்கள்

வேலணையிலிருந்து தாம்போதி கடந்து புங்குடுதீவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவன ஆளில்லாத வீடுகள். 1991இல் இலங்கை இராணுவம் யாழ்ப்பாணத் தீவகத்தைக் கைப்பற்றிய காலத்தில் வெளியேறியவர்களிற் பெரும்பகுதியினர் யாழ்ப்பாணம், கொழும்பு, சுவிஸ், பிரான்ஸ், கனடா என்று நிலைத்துவிட்டார்கள். எஞ்சியவர்களின் பிள்ளைகளும், போக வசதியற்றவர்களின் பிள்ளைகளுமே இன்று இங்குள்ள பள்ளிகளில் படிக்கிறார்கள். இத்தகைய ஊர்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து இலவசக் கருத்தரங்கும் முன்னோடிப் பரீட்சையும் நடத்துவது வடக்கில் வேரூன்றிய வழக்கம். மொறட்டுவைப் பொறியியற்பீடத் தமிழ் மாணவர்கள் பல மாவட்டங்களில் உயர்தர மாணவருக்கு நடத்தும் முன்னோடிப் பரீட்சை இதில் நன்கு அறியப்பட்டது. இந்த உழைப்பின் பயனை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ‘ஏ’ எடுத்தார்கள் என்பவையே இப்போதைய அளவுகோல்கள். இவை இரண்டும் புங்குடுதீவைப் போன்ற ஊருக்குப் பொருந்தா என்பது என் துணிபு. சித்திக்கு வேண்டிய முப்பத்தைந்து புள்ளிக்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கும், வராமலே இருந்துவிட்ட பிள்ளைக்கும் என்ன நடந்தது என்பதுதான் கேட்கப்பட வேண்டியது. அதற்கான சான்றில் பாதி, திருத்தும் மேசையில் ஏற்கெனவே கிடக்கிறது.

அந்த மேசையில் நடப்பது ஒரு கைத்தொழில். வினாத்தாள் கட்டுவதிலேயே அது தொடங்கிவிடுகிறது. கடந்தகால வினாத்தாள்களைப் பரப்பி, எந்த அலகில் எத்தனை கேள்வி, எந்தக் கேள்வி கெட்டிக்காரனைப் பிரித்துக் காட்டும், எது பின்தங்கியவனுக்கும் நாலு புள்ளி தரும் என்று எடைபோடுகிறார்கள். பிறகு புள்ளித்திட்டம். விடை பிழைத்தாலும் வழி சரியென்றால் எத்தனை புள்ளி, அலகு எழுதாவிட்டால் எத்தனை குறையும் என்று படிக்குப் படி எழுதிவைக்க வேண்டும். ஒரே தாளை இருவர் தனித்தனியே திருத்தினால் புள்ளி வேறுபடும். வேறுபட்ட இடத்தை மூத்த மாணவர் பார்த்துத் தீர்க்கிறார். இப்படி ஐம்பது கணிதத்தாள் திருத்தியவருக்கு எந்த ஆய்வறிக்கையிலும் இல்லாத ஒன்று தெரிந்துவிடும்: பதினோராம் தரத்துப் பிள்ளை திரிகோணகணிதத்தில் விழவில்லை, ஏழாம் தரத்துப் பின்னத்தில் விழுந்திருக்கிறது, வெற்றாக விட்ட பக்கம் சோம்பலால் விட்டதல்ல, கேள்வியை வாசித்து விளங்க முடியாததால் விட்டது. ஆனால் பதிவேட்டில் ஏறுவது மொத்தப் புள்ளி மட்டும். தாள் பிள்ளையிடம் போய்விடுகிறது. திருத்தியவர் அறிந்தது அவரோடு போய்விடுகிறது.

தேர்ச்சி வீதம் ஏன் இங்கே உதவாது என்பதற்குச் சிறிய கணக்கே போதும். பன்னிரண்டு பேர் தோற்றும் பள்ளியில் ஒருவர் கூடுதலாகச் சித்தியடைந்தால் வீதம் எட்டுப் புள்ளிக்கு மேல் ஏறும். அடுத்த ஆண்டு ஒருவர் குறைந்தால் அப்படியே இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கருத்தரங்கின் கணக்கில் வரவு வைப்பதும் அநியாயம், பற்று வைப்பதும் அநியாயம். போதாக்குறைக்கு, தரம் ஐந்து புலமைப்பரிசிலில் தேறும் பிள்ளை யாழ்ப்பாண நகரப் பள்ளிக்குப் போக வழி பிறக்கிறது. ஊர்ப்பள்ளியின் வெற்றியே ஊர்ப்பள்ளியின் சராசரியைக் குறைக்கிறது. உயர்தரத்தில், பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட ஒதுக்கீட்டுப் போட்டியில், தீவகப் பிள்ளையும் நகரத்து ரியூசன் கொட்டிலில் மூன்று பாடமும் படிக்கும் பிள்ளையும் ஒரே யாழ்ப்பாண மாவட்டத்துப் பட்டியலில்தான் நிற்கிறார்கள்.

இந்தியாவில் ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பின் பணியை ஆராய்ந்தவர்கள் நமக்கு வேண்டிய இரண்டு செய்திகளைத் தந்திருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்து ஜௌன்பூரில் உள்ளூர் இளைஞர்கள் தொண்டர்களாக வாசிப்பு வகுப்பு நடத்தினார்கள். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் அதை மதிப்பிட்டு 2010இல் வெளியிட்டார்கள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு வெகுவாக முன்னேறியது. வந்தவர்களோ ஊர்ப் பிள்ளைகளில் ஏறத்தாழ 8 வீதம். எழுத்தே தெரியாத பிள்ளைகளிலும் 13 வீதம்தான். கற்பித்தல் வென்றது, சென்றடைதல் தோற்றது. வந்தவரை மட்டும் எண்ணியிருந்தால் இந்தத் தோல்வி வெளியே தெரிந்திராது. மற்றது, மும்பையிலும் வடோதராவிலும் நடந்த ‘பால்சகி’ திட்டம். உயர்நிலைப் பள்ளி முடித்த உள்ளூர்ப் பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே இருத்தி அடிப்படையிலிருந்து கற்பித்தார்கள். அதிகம் முன்னேறியவர்கள் அடிமட்டத்தில் இருந்தவர்களே. பட்டம் பெற்ற ஆசிரியர் தேவைப்படாத இடம் இது. கம்பஸ் மாணவர்களால் முழுமையாகச் செய்யக்கூடிய பணியும் இதுவே.

புங்குடுதீவில் ‘யார் வரவில்லை’ என்பது பழைய கேள்வி. இவ்வூரில் பிறந்த எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம், கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களும் அள்ள வேண்டும் என்று 1971இல் சத்தியாக்கிரகம் செய்தார். நன்னீர் அரிதான தீவில் அந்தக் கிணறு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. கருத்தரங்கு எந்த மண்டபத்தில், எந்த வட்டாரத்தில் நடக்கிறது என்பதும் யார் வருவார் என்பதை இன்னும் தீர்மானிக்கக்கூடும். வழியும் தீர்மானிக்கும். 2015 மே மாதம் பள்ளிக்குப் புறப்பட்ட மாணவி ஒருத்தி இத்தீவில் கொல்லப்பட்டாள். அதற்குப் பிறகு, வளவுகள் பாழடைந்து கிடக்கும் ஒழுங்கையில் பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் தாயை அக்கறையற்றவள் என்று எந்த மதிப்பீடும் எழுதலாகாது. வரவுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வராதவர் பட்டியலும், ஒவ்வொருவருக்கும் எதிரே காரணமும் இருக்க வேண்டும்.

சம்பளமின்றி, விடுமுறையைக் கொடுத்து வருகிற பிள்ளைகளை அளவுகோல் வைத்து அளப்பது நன்றிகெட்ட செயல் என்று சிலர் சொல்வார்கள். மாறாக, அவர்களுடைய உழைப்பு பலித்ததா என்று ஒருவரும் பார்க்காமல் விடுவதே அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு என்பேன். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றுண்டு. தன்னுடையதைப் போன்ற ஊரிலிருந்து போன ஒரு அக்கா கரும்பலகை முன் நிற்பதைக் காணும் சிறுமிக்குள் என்ன எழுகிறது என்பதைப் புள்ளியில் காட்ட முடியாது என்கிறார்கள். உண்மை. ஆயினும் அந்தச் சிறுமி அடுத்த தவணையில் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாளா, சாதாரண தரத்துக்குத் தோற்றுகிறாளா என்பதைப் பார்க்கலாம்; நம்பிக்கை அங்கேதான் வெளிப்படும். ஒப்பிடுவதற்காகச் சில பிள்ளைகளுக்கு வகுப்பை மறுப்பது அறமா என்ற கேள்விக்கும் பால்சகியில் விடை இருக்கிறது. அங்கே பாதிப் பள்ளிகளில் மூன்றாம் தரத்துக்கும், மறுபாதியில் நான்காம் தரத்துக்கும் ஆள் கொடுத்தார்கள். எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. தீவகக் கல்வி வலயத்திலும் சில பள்ளிகளில் முதல் தவணை கணிதமும், மற்றவற்றில் விஞ்ஞானமும் நடத்தி, அடுத்த தவணை மாற்றிவிடலாம். ஒரு பாடத்தில் ஒரு தொகுதிப் பள்ளிகள் மற்றத் தொகுதிக்கு ஒப்பீடாகும். ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைவு என்பதால், வலயத்துப் பள்ளிகளைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

புலம்பெயர்ந்த சங்கங்கள் இத்தகைய பணிகளுக்குப் பணம் அனுப்பும்போது பெரும்பாலும் கேட்பது படமும் தலைக்கணக்கும். ஒளிப்படியெடுக்கும் செலவையும் அவர்கள் ஏற்றால் திருத்திய தாள்களின் படிகள் பள்ளியிலேயே தங்கும். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தடுக்கினார்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பு கணித ஆசிரியரின் கைக்குப் போகும். மூன்று மாதம் கழித்து, முதல் முறை முப்பத்தைந்து எடுக்காத பிள்ளைகளை அதே தரத்திலான வேறொரு தாளுக்கு இருத்த வேண்டும். கருத்தரங்கு நடத்தும் மாணவர் அணி நாலைந்து ஆண்டில் பட்டம் பெற்றுப் போய்விடும். அந்த இரண்டாம் தாளையும் புள்ளித்திட்டத்தையும் வராதவர் பட்டியலையும் அடுத்த அணியின் கையில் கொடுத்துவிட்டே அவர்கள் போக வேண்டும்.