கல்லாவுக்குப் பின்னால் ஒரு குரல்



இங்கே குளிர் இறங்கிவிட்டது. நேற்று சாயங்காலம் நாலரைக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. 1999இல் இப்படியொரு இருட்டில்தான், நியூஜெர்சியில் என் மாமா வைத்திருந்த சின்னக் கடையின் கல்லாவில் நின்றுகொண்டிருந்தேன். பால், ரொட்டி, சிகரெட், லாட்டரிச் சீட்டு விற்கிற கடை. நான்கு பையன்கள் வந்தார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, ஒருவன் கைகூப்பி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, இழுத்து இழுத்து ஒரு குரலில் ‘நன்றி, மறுபடி வாருங்கள்’ என்றான். மற்ற மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மரியாதையாகத்தானே சொல்கிறான் என்று நானும் சிரித்தேன். உள்ளே சரக்கு எண்ணிக்கொண்டிருந்த மாமா சிரிக்கவில்லை. “அது நம்மளைத்தான்டா” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அட்டைப்பெட்டிகளைக் கிழிக்கப் போய்விட்டார்.

அது யாருடைய குரல் என்று தெரிய எனக்கு இன்னும் சில வாரங்கள் ஆயின. ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற கார்ட்டூன் தொடரில் மளிகைக் கடை வைத்திருக்கும் இந்தியர் அபு. 1990இல் திரைக்கு வந்தவர். பெயரை சத்யஜித் ராயின் படங்களிலிருந்து எடுத்தார்கள். குடும்பப் பெயர் நஹாசபீமபெட்டிலான்.  குரல் கொடுத்தவர் நியூயார்க்கில் பிறந்த ஹாங்க் அசாரியா என்ற வெள்ளைக்கார நடிகர். அந்தத் தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான மைக் ரீஸ் பின்னாளில் சொன்ன விஷயம் என் மனசை விட்டுப் போகவே இல்லை. கடைக்காரர் என்றால் இந்தியர் என்பது அப்போதே தேய்ந்துபோன வேடிக்கை. அதனால் இவர் இந்தியர் அல்ல என்றே வசனத்தாளில் குறித்து வைத்திருந்தாராம். ஒத்திகையில் அசாரியா இந்தியப் பேச்சு வழக்கில் வாசித்தார், அறை முழுக்கச் சிரிப்பு, அப்படியே நின்றுவிட்டது. ஓர் அறையில் எழுந்த ஒரு சிரிப்பை முப்பது வருஷம் நாங்கள் சுமந்தோம்.

அபு கெட்டவர் இல்லை. உழைப்பாளி, கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்றுகூடக் கதையில் வரும். கடை வைப்பதில் இழிவும் இல்லை. அந்தக் கல்லாவில் நின்றுதான் என் மாமா இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். என் குறை வேறு. டிவியில் ஒரு வெள்ளைக்காரக் கஞ்சனைக் காட்டினால் அடுத்த சேனலில் வெள்ளைக்கார டாக்டர் வருவார், நீதிபதி வருவார், காதலன் வருவான். சிரிப்பு அந்தக் கஞ்சனோடு போய்விடும். எங்களுக்கு அடுத்த சேனல் இல்லை. அதோடு, அபு சொன்ன விஷயத்துக்காக ஜனங்கள் சிரித்தார்கள் என்பதைவிட, சொன்ன விதத்துக்காகச் சிரித்தார்கள் என்பதே உண்மை. அந்த விதம் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இங்கிலீஷ் பேசுகிற விதம்.

என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. வராந்தாவில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, “அப்பா, நீங்க பேச வேணாம், டீச்சர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றாள். ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உள்ளே போய், அவள் பேசப் பேசத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

2017இல் ஹரி கொண்டபோலு என்ற தெலுங்குக் குடும்பத்து நகைச்சுவைக் கலைஞர் ‘தி ப்ராப்ளம் வித் அபு’ என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் மகள், பள்ளிப் பேருந்தில் இந்தியப் பையன்களை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று முதன்முறையாகச் சொன்னாள். அடுத்த வருஷம் தொடர்க்காரர்கள் தந்த பதில், ஒரு காலத்தில் எல்லோரும் கொண்டாடியது இன்று தப்பாகிவிட்டால் நாங்கள் என்ன செய்ய, என்கிற மாதிரி ஒரு சின்னக் காட்சி. அந்த அலட்சியம் கேலியைவிட அதிகம் வலித்தது. அசாரியா அப்படி இருக்கவில்லை. 2020இல் அபுவுக்குக் குரல் கொடுப்பதை விட்டார். மறுவருஷம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தன் மகனின் பள்ளியில் சந்தித்த பதினேழு வயது இந்தியப் பையன் அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லையாம், ஆனால் அபு என்பது ஒரு வசை என்று அவனுக்குத் தெரிந்திருந்ததாம். அதையும் அவரே சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையான அசிஸ் அன்சாரி, 2015இல் ‘மாஸ்டர் ஆஃப் நன்’ தொடரில் ஒரு பகுதி முழுவதையும் டிவியில் இந்தியர்களைக் காட்டும் விதத்துக்கே கொடுத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது, கதாநாயகனின் அப்பா அம்மாவாகத் தன்னைப் பெற்றவர்களையே நடிக்க வைத்தது. அவர்கள் தங்கள் சொந்த இங்கிலீஷில் பேசுகிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் அது அந்த அப்பாவின் குறும்புக்கு வருகிற சிரிப்பு. 2020இல் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடர் வந்தது. பதினைந்தாயிரம் பேரிலிருந்து தேர்வானவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழர் வீட்டுப் பெண். அவர் நடித்த தேவி கோபக்காரி, வாய் கூசாமல் பொய் சொல்வாள், தோழிகளை ஏமாற்றுவாள். என் மகளுக்கு உயிர். எங்களை உத்தமர்களாகக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை. தப்பு செய்யவும் திருந்தவும் இடமிருக்கிற மனுஷர்களாகக் காட்டினால் போதும்.

அபு இன்றும் அந்தக் கார்ட்டூன் ஊரில் இருக்கிறார். கூட்டத்தில் எங்காவது நிற்பார், பேசுவதில்லை. இது தீர்வு என்று நான் ஒப்பமாட்டேன். அவரைத் தொடரிலிருந்து நீக்காமலே சரிசெய்யலாம் என்று கொண்டபோலுவே சொன்னார். நல்ல எழுத்தாளர்கள் கையில் கொடுத்து அவரைப் பேச வைத்திருக்க வேண்டும்.

போன முறை ஊருக்கு வந்தபோது, தெருமுனையில் பானிபூரி விற்கிற வடக்கத்திப் பையனைச் சுற்றி நின்று மூன்று பிள்ளைகள் ‘நம்பள் நிம்பள்’ என்று பேசிக் காட்டினார்கள். நம் சினிமா சேட்டுக்குக் கொடுத்த பேச்சு அது. அந்தப் பையன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்கவில்லை. அவனும் சிரித்தான், அன்று நான் சிரித்த மாதிரியே. அவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளாக இருந்தால், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள்.