148 சென்டிமீட்டர்

டிசம்பர் 21, ஞாயிறு

அக்காவைச் சுவரோரம் நிற்கவைத்து அளவெடுத்தேன். உயரம் 148 செ.மீ., உள்கால் 67. தையற்காரர் முன்னால் நிற்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். முப்பது வருஷமாக அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போன சைக்கிள்கள் எல்லாம் வேறு யாருடைய உடம்புக்கோ செய்தவை. சிக்னலில் நின்றால் ஒரு பக்கம் சாய்ந்து நுனிவிரலில்தான் நிற்பாள். கழுத்துவலியோடுதான் வீடு திரும்புவாள். கடைக்காரர் சீட்டை இறக்கித் தருவார். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இருக்கிற தூரத்தை யாராலும் இறக்கித் தர முடியாது. அது பிரேமுக்குள் இருக்கிறது.

டிசம்பர் 24

சார்ட் பேப்பர்களை ஒட்டி முழு அளவில் படம் வரைந்தேன். சின்ன பிரேமில் முதல் தகராறு பாதத்துக்கும் முன்சக்கரத்துக்கும்தான். கிராங்க் அச்சிலிருந்து முன்சக்கர அச்சுக்கு 590 மி.மீ. வைத்திருக்கிறேன். வழக்கமான 700சி சக்கரம் போட்டால் டயரோடு ஆரம் 343, மிச்சம் 247. அக்காவுக்கு 155 மி.மீ. கிராங்க், அதற்கு முன்னால் செருப்பு நீளும் 100, ஆக 255 வேண்டும். மெதுவாக வளைகிறபோது கால்விரல் டயரில் இடிக்கும். 26 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர் என்றால் ஆரம் 318தான். 272 கிடைக்கிறது, மட்கார்டுக்கும் இடம் இருக்கிறது.

பெரிய சக்கரத்தை வைத்துக்கொண்டே சின்ன பிரேம் செய்கிறவர்கள், முன்பக்கக் கோணத்தைப் படுக்கவைத்தோ குழாயை நீட்டியோ சமாளிக்கிறார்கள். விலை கொடுத்தது உயரம் குறைந்தவர்களின் தோள்பட்டைகள். எனக்கு இதில் ஆத்திரம் உண்டு. அக்காவுக்கு முன்கோணம் 71, சீட்டுக்குழாய் 74.

டிசம்பர் 28, ஞாயிறு

குழாய்கள் வந்துவிட்டன. ரெனால்ட்ஸ், குரோம்-மாலிப்டினம் எஃகு. சீட்டுக்குழாயும் கீழ்க்குழாயும் 28.6 மி.மீ., மேல்குழாய் 25.4. மேல், கீழ்க் குழாய்களின் சுவர் இரண்டு முனையிலும் 0.8, நடுவில் 0.5. விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்கிறது.

அப்பா ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தார். இருபத்தெட்டு வருஷம் சைக்கிள் பிரேம்களுக்குப் பற்றுவைத்தவர். அவர் கையில் இருந்த குழாயின் கம்பெனிப் பெயர் எங்கள் ஊர்க்கதையோடு சேர்ந்தது. பர்மிங்ஹாமில் ஆணி செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. வெளிவிட்டம் மாறாமல் முனைகளில் மட்டும் சுவர் தடித்திருக்கும் குழாய்க்கு 1897இல் காப்புரிமை வாங்கினார்கள். 1928இல் அது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்குப் போனது. அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்தான் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949இல் இங்கே அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி தொடங்கியது. எங்கள் மொட்டைமாடிக் கொட்டகைக்கு வந்திருக்கிற இந்தக் குழாய், பங்காளி வீட்டுக்கு வந்ததுபோலத்தான்.

ஜனவரி 1

மேல்குழாயைத் தவறான முனையில் வெட்டிவிட்டேன். தடித்த பகுதி ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. நீளமான பக்கத்தில்தான் வெட்ட வேண்டும். குட்டைப் பக்கம் வெட்டியதால் 0.5 சுவர் மூட்டுக்குள் வந்துவிட்டது. நெருப்பும் சுமையும் சேர்ந்து விழுகிற இடம் அது. பெயிண்ட் அடித்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் தெரிந்தே அதை அக்காவுக்குக் கீழே வைக்க முடியாது. வேறு குழாய்க்குச் சொல்லி அனுப்பியாயிற்று.

ஜனவரி 4, ஞாயிறு

நாள் முழுக்க அரம். கீழ்க்குழாயின் முனையை மீன்வாய்போல் வளைத்து ராவ வேண்டும்; ஹெட் குழாயின் முதுகில் அது அப்படியே போய் உட்கார வேண்டும். காகிதத்தில் வளைவை வெட்டிக் குழாயில் சுற்றி, கோடு கிழித்து, பத்து அங்குல அரைவட்ட அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். கீற்று வெளிச்சம் தெரிந்தால் திரும்பவும் வைஸுக்கு. குழாய்களைக் கோக்கும் உறையான லக் மேலே வந்து மூடிவிடும், அப்புறம் இந்த வேலையை ஒருத்தரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் லக்குக்கும் குழாய்க்கும் இடைவெளி 0.1 மி.மீ.க்குள் இருந்தால்தான் உருகிய வெள்ளிப் பற்று தானாக உள்ளே ஏறும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. இடைவெளி அகலமானால் ஏறாது, தேங்கி நிற்கும்.

லக் 73 டிகிரிக்கு அழுத்தி எடுத்த தகடு. உள்ளே இரும்புக் கம்பி விட்டு வைஸில் நெம்பி 71க்குக் கொண்டுவந்தேன்.

ஜனவரி 13

புதுக் குழாய் வந்தது. வெட்டுவதற்கு முன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முனையில் சாக்பீஸால் கோடு போட்ட பிறகுதான் ரம்பத்தை எடுத்தேன்.

ஜனவரி 17, சனி

பொங்கல் கூட்டம் கிளம்பிப்போன வீடு. மாலை ஆறரைக்கு டார்ச் பற்றவைத்தேன். பகலில் எஃகு சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. முற்றின இருட்டில் கொஞ்சம் சிவந்தாலே நிறையச் சிவந்ததாகத் தோன்றும். இந்த அரையிருட்டுதான் சரியான நேரம்.

தெருக்கோடி நகை ஆசாரி வெண்காரம் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வேலைக்கு அது போதும். ஆனால் வெண்காரம் உருகவே 740 டிகிரி தாண்ட வேண்டும். என் பற்றுக்கம்பியில் வெள்ளி 56 சதவீதம், 618இல் இளகத் தொடங்கி 652இல் தண்ணீராகிவிடும். அந்தச் சூட்டில் இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்க ஃபுளோரைடு கலந்த பசைதான் வேண்டும். அதன் புகை கெடுதல். கொட்டகையின் இரண்டு பக்கத் தட்டியையும் கழற்றிவிட்டேன். பித்தளை என்றால் 900ஐ நெருங்கியிருக்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு இந்தக் குறைந்த சூடு பெரிய ஆறுதல்.

முதலில் பி.பி. கூடு, கிராங்க் அச்சு உட்காரும் இடம். வலதுபக்க மரை இடம்புரி. கூட்டைத் திருப்பிவைத்துப் பற்றிவிட்டால் பிரேமே வீண். கப்பைத் திருகிப் பார்த்து, கழற்றி, மறுபடி திருகிப் பார்த்தேன். மூட்டுகளுக்குள் காற்றோட்டத் துளைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டேன். அடைபட்ட குழாயில் காற்று சூடேறிப் பொங்கினால் பற்றை வெளியே ஊதித் தள்ளிவிடும்.

பசை முதலில் வெள்ளையாகப் பொரிந்து, பிறகு அடங்கி, கண்ணாடி மாதிரி தெளிந்தது. கம்பியை நீட்டினேன். உருண்டையாக உருகி அப்படியே நின்றது. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தார்.

"கம்பிய உருக்காதடா. குழாயச் சூடாக்கு. சூடு எந்தப் பக்கமோ, பத்து அந்தப் பக்கம்தான் ஓடும்."

ஜுவாலையைக் கூட்டின் தடித்த பக்கத்துக்கு நகர்த்தினேன். உருண்டை சட்டென்று படுத்து, விளிம்புக்குள் இழுபட்டுக் காணாமல் போனது. இன்னொரு தொடுகை, அதுவும் போனது. ஜுவாலையை மறுவிளிம்புக்குக் கொண்டுபோனபோது அங்கே ஒரு வெள்ளிக்கோடு, கோலமாவு சிந்தினதுபோல் மெல்லிசாக எழுந்தது. உள்ளே முழுக்க நனைந்து, கடந்து வந்துவிட்டது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

ஒன்பதரை மணிக்குள் நான்கு மூட்டும் முடிந்தன.

ஜனவரி 18, ஞாயிறு

இறுகிய பசை வெந்நீரில் ஊறிக் கரைந்தது. ஹெட் குழாயிலிருந்து இரண்டு பின்முனைகளுக்கும் கொத்தனார் நூல் கட்டி, சீட்டுக்குழாயின் இருபுறமும் இடைவெளி அளந்தேன். பின்முனைகள் இன்னும் தற்காலிகப் பிடியில்தான் இருக்கின்றன. இடது 34.5, வலது 35. ஸ்டே குழாய்களைப் பற்றுமுன் அந்த அரை மில்லியை எடுத்துவிடலாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பெயிண்ட் இல்லாத பிரேமில் சக்கரம், சீட்டு, பிரேக் மட்டும் மாட்டி அக்காவைக் கூப்பிட்டேன். ஏறி உட்கார்ந்தாள். கை தானாகப் பிடியில் போய் நின்றது, முழங்கை லேசாக மடிந்திருந்தது. தெருமுனை வரை போய், பால்பூத் அருகே இருக்கிற குறுகலான இடத்தில் சுற்றித் திரும்பினாள். அங்கே அவள் எப்போதும் இறங்கித் தள்ளுவாள். இன்று இறங்கவில்லை. வாசலுக்கு வந்து பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றாள். மேல்குழாய்க்கு மேலே விரற்கடை இடம் இருந்தது.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கேட்டாள்: "தம்பி, கேரியர் எங்க மாட்டுவே? பரீட்சைப் பேப்பர் கட்டு கொண்டுபோணுமே."

பின்முனைகளில் கண் இருக்கிறது. மேலே சீட்ஸ்டேயில் மரைக்குமிழ் வைக்கவில்லை. அவளுடைய பையை வாங்கி, விடைத்தாள் கட்டோடு தராசில் வைத்தேன். ஆறரைக் கிலோ. 5 மி.மீ. மரைக்குமிழ் இரண்டு போதும். பெயிண்டரிடம் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சக்கரங்களைக் கழற்றியாயிற்று, ஆறரை மணிக்காகக் காத்திருக்கிறேன்.