மின்மினி பார்க்கப் போன வழியில்

கோலசிலாங்கூர், கம்போங் குவாந்தான் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். இருட்ட நேரமிருந்ததால், வழியில் நம்மவர் நடத்தும் பானைப் பட்டறைக்குள் நுழைந்தோம். சக்கரத்தில் களிமண் சில நிமிடங்களில் பானையாக எழுந்தது. ஆனால் நிழலில் உலர்ந்து, சூளையில் வெந்து விலைக்கு வர நாள் பிடிக்கும்.

“பொங்கல், தீபாவளின்னாத்தான் எங்க ஞாபகம் வரும், தம்பி. மகன் வேற வேலைக்குப் போயிட்டான்,” என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது. போன தீபாவளிக்கு நான் வாங்கியது வெளிநாட்டு பிளாஸ்டிக் விளக்குகள். சில வெள்ளி மிச்சம். அடுத்த மாதமே குப்பை. இங்கே கொடுக்கும் காசு மண் கொண்டுவருபவர், குயவர், பக்கத்து மளிகைக்கடை என்று இந்த வட்டாரத்திலேயே சுற்றும்.

ஒரு பானையும் இரண்டு டஜன் அகலும் வாங்கினோம். தைக்கு முன் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் படகுத்துறைக்குக் கிளம்பினோம்.