வேலியும் மதிலும்

யாழ்ப்பாணத்துக் காணிகளின் எல்லையை நெடுங்காலம் காத்து நின்றது வேலியே. கிளுவையும் பூவரசும் கதியால்களாக நாட்டப்பட்டு, பனையோலையாலோ கிடுகாலோ அடைக்கப்பட்ட அவ்வேலி, ஓலை உக்குந்தோறும் புதிதாக அடைக்கப்பட வேண்டியதாயிற்று. எனவே எல்லை எதுவென்பதை அயலவர் இருவரும் காலந்தோறும் கூடிநின்று ஒப்புக்கொண்டு வந்தனர் எனலாம். அவ்வொப்புதல் அறுந்துபோகுமிடத்து யாது நிகழும் என்பதற்கு, வலிகாமம் வடக்கிலே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கும் தம்பி முறையான ஒருவருக்கும் இடையே எழுந்த பிணக்கு சான்றாகும்.

இருவருடைய தாய்மாரும் உடன்பிறந்தோர். பேரனாரின் காணியொன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு அவ்விருவருக்கும் சீதனமாக எழுதப்பட்டது. உறுதிகளில் பரப்பும் குழியும் குறிக்கப்பட்டிருந்தன. நடு எல்லையோ சகோதரியின் காணி என்ற அளவிலேயே நின்றது. நில அளவைப் படம் வரையப்படவில்லை. வேலி இருந்தமையால் அதன் தேவையை எவரும் உணர்ந்திலர்.

1990 இல் இரு குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அக்காணி கால் நூற்றாண்டின் பின்னர் விடுவிக்கப்பட்டபோது, வீடுகள் இருந்த இடத்திற் பற்றையே மண்டியிருந்தது. பழைய கதியால்கள் மரங்களாகி அப்பற்றையினுள்ளே ஒரே நேராக நின்றதை ஒருவரும் கவனித்திலர். துப்புரவு செய்ய வந்த இயந்திரம் பற்றையோடு அவற்றையும் பிடுங்கி எறிந்தது. எல்லைக்கு எஞ்சியிருந்த சாட்சி அவ்வாறு அழிந்தது.

தம்பியார் மதிலுக்கு அத்திவாரம் வெட்டினார். அது தமது நிலத்துள் ஒரு யார் புகுந்துவிட்டது என்றார் ஆசிரியை. சொற்கள் தடித்தன, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடும் பதிவாயிற்று.

ஆசிரியை நாடிய சட்டத்தரணி நிலைமையை விளக்கினார். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் விடயம் நீதிமன்றத்துக்குச் சென்றால், அமைதி குலையாதிருக்கும்பொருட்டு நிலத்தை வைத்திருப்பவர் எவர் என்பதே ஆராயப்படும். உரித்தைத் தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றமே. பத்தாண்டு இடையறா அனுபவத்தால் உரித்துப் பெறும் வாதமோ, இருவரும் காலடி வைக்க இயலாதிருந்த நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே அத்திவாரத்திற் கைவைக்காது, முதலில் நில அளவையாளரை அழைக்குமாறு அவர் அறிவுறுத்தினார்.

அளவையாளர் வந்தார். கிணற்றடி மூலையில், இயந்திரம் புகமுடியாத இடத்தில், நான்கு கிளுவைகள் வரிசையாக நின்றன. ஒழுங்கைப் பக்கத்தில் மண்ணைக் கிளறியபோது பூவரசின் அடிவேர் அகப்பட்டது. இரண்டையும் இணைத்துக் கோடிட்டபோது, ஒழுங்கைப் பக்கத்தில் அத்திவாரம் ஓரடி மீறியிருந்தது. கிணற்றடியிலோ ஆசிரியை தமதென்று கூறிய நிலத்தில் ஒரு பகுதி தம்பியாருடையது. இருவரும் பொய்யுரைத்திலர். இருவர் நினைவும் தத்தமக்குச் சாதகமாகச் சற்றே சரிந்திருந்தது.

1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையில் இருவரும் ஒப்பமிட்டனர். காணி பற்றிய உடன்பாடு நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிடின் வலுவற்றது என்பது 1840 முதல் இந்நாட்டில் நிலவும் சட்டம். எனவே அளவைப் படத்தோடு உறுதியும் முடிக்கப்பட்டது. அத்திவாரத்தின் ஒரு முனை பெயர்த்துக் கட்டப்பட்டது. பிணக்கு தீர்ந்தது.

பழைய வேலியிலே கிணற்றடிக்கு அண்மையில் ஒரு பொட்டு இருந்தது. பிள்ளைகள் அதனூடே ஓடித் திரிந்தனர்; ஒரு வீட்டுக் கறி மறுவீட்டுக்குச் சென்றதும் அதன் வழியேதான். அப்பொட்டு எந்த உறுதியிலும் எழுதப்பட்டதன்று. புதிய படத்திலும் அது இல்லை. மத்தியஸ்த சபையிலே இருவருள் ஒருவர் கேட்டிருப்பின் மதிலில் ஒரு சிறு படலை வைத்திருக்கலாம். சட்டத்தில் அதற்குத் தடையேதும் இல்லை. அக்கா கேட்கட்டும் என்று தம்பியாரும், தம்பி சொல்லட்டும் என்று அக்காவும் இருந்துவிட்டனர்.

மதில் ஆறடி உயரத்தில் எழுந்து நிற்கின்றது. அதனை ஆண்டுதோறும் அடைக்க வேண்டியதில்லை. ஆசிரியை தம்பியார் வீட்டுக்குச் செல்வதாயின் ஒழுங்கையாற் சுற்றியே செல்லவேண்டும். செல்கின்றார், நல்லநாள் பெருநாட்களில் மாத்திரம்.