மழலையர் வகுப்பில் நான் படித்த ஒரு வாரம்

அறுபது வயதைக் கடந்த ஒருத்தி மழலையர் வகுப்பில் போய் அமர்ந்து, ஒரு வாரம் பாடம் கற்றாள் என்று சொன்னால் நீங்கள் நகைக்கக்கூடும். கற்றவள் நானேதான். உங்கள் இல்லத்திலும் நான்கு வயதில் ஒரு பேரனோ பேத்தியோ இருக்கலாம் அல்லவா? அந்தப் பிள்ளைக்காகவே இதனை எழுதுகிறேன்.

என் மகளும் மருமகனும் வேலைக்குச் செல்பவர்கள். அவர்களுடைய நான்கரை வயது மகன் பகலெல்லாம் என் பொறுப்பில்தான் இருக்கிறான். சென்ற ஜூன் மாதம் அவனை எங்கள் ஊர் மழலையர் பள்ளியொன்றில் சேர்த்தோம். இரண்டு மாதங்கள் ஓடியும் அவனுடைய நோட்டு வெள்ளையாகவே இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வேறொரு பள்ளியில் ஒன்று முதல் நூறு வரை எழுதிக் குவிக்கிறது. கட்டிய பணம் வீணாயிற்றே என்று எண்ணிய நான், மஃரிபு தொழுகைக்குப் பின் பேரனை உட்கார வைத்து நானே எழுதப் பழக்கினேன்.

அங்கேதான் வினை தொடங்கியது. அவன் பென்சிலை இடக்கையில் பிடித்தான். "பீச்சாங்கையாலா எழுதுவது?" என்று இரண்டு முறை கடிந்தேன். மூன்றாம் முறை அந்தக் கையில் ஓர் அடி வைத்தேன். பலமான அடியன்று. ஆயினும் அன்று முதல், பென்சிலைக் கண்டாலே அவன் தன் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

பள்ளிக்குச் சென்று முறையிட்டேன். ஆசிரியை என் மகளை விட இளையவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, ஒரு வாரம் வகுப்பில் வந்து உட்காருங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் குறையை மறுபடி சொல்லுங்கள்; கேட்டுக்கொள்கிறேன்" என்றார். நானும் சம்மதித்தேன்.

திங்கட்கிழமை பிள்ளைகளுக்குப் பிசைந்த களிமண் கொடுத்தார்கள். உருட்டினார்கள், தட்டினார்கள், கிள்ளினார்கள். பிறகு ஆசிரியை புத்தம் புதிய வண்ணக்குச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று துண்டாக ஒடித்துப் பங்கிட்டார். எனக்குப் பகீரென்றது. காரணத்தை இடைவேளையில் விளக்கினார். நீளமான குச்சியைக் கொடுத்தால் பிள்ளை உள்ளங்கையால் இறுகப் பற்றுமாம். துண்டைக் கொடுத்தால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றால்தான் பிடிக்க முடியும். எழுதுவதற்குத் தேவையான பிடி அதுவே. நம் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக எலும்பாகி முடியப் பத்து வயதை ஒட்டி ஆகிவிடும். நான்கரை வயதுக் கையை நூறு முறை 'அ' எழுத வைத்தவள் நான். அன்று தலை குனிந்தேன்.

அன்றே இன்னொன்றும் கண்டேன். என் பேரன் இடக்கையால் ஒரு வட்டம் வரைந்துகொண்டிருந்தான். தற்செயலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அடுத்த நொடி குச்சி வலக்கைக்கு மாறியது. வட்டம் பாதியில் நின்றுபோயிற்று.

செவ்வாய்க்கிழமை பல்லாங்குழியும் புளியங்கொட்டைகளும் வந்தன. நூறு வரை மடமடவென்று ஒப்பிக்கும் ஒரு சிறுமியிடம், "எனக்கு ஏழு கொட்டை கொடு" என்றார் ஆசிரியை. அவள் ஒரு கைப்பிடியை அள்ளிக் கொடுத்தாள். எண்களின் பெயர்களைச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்று தொட்டுத் தொட்டு நகர்த்தி, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று உணரும்போதே கணக்குப் பிறக்கிறது. அரை மணி நேரத்தில் அந்தச் சிறுமி ஏழைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள். என் பேரனோ குழிக்கு மூன்றாக நான்கு குழிகளை நிரப்பிவிட்டு, "பன்னிரண்டு" என்று தானாகவே சொன்னான். வீட்டில் அவனை நான் மந்தமென்று ஏசியிருந்தேன்.

புதன்கிழமை எழுத்தைத் தொடும் நாள். அட்டையில் உப்புத்தாளால் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி, ஒலியைச் சொன்னார்கள். இந்த முறையை வகுத்தவர் மரியா மாண்டிசோரி என்னும் இத்தாலிய மருத்துவர். 1907ஆம் ஆண்டு ரோம் நகரில், ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக அவர் தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கே வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார் என்று அறிந்தபோது வியந்தேன். எழுதத் தொடங்குவதற்கு முன் விரல் எழுத்தின் வழியை அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து.

பிறகு காகிதம் வெட்டும் வேலை. என் பேரன் இடக்கையில் கத்தரிக்கோலைப் பிடித்தான். காகிதம் வெட்டுப்படாமல் மடிந்தது. அவன் முகம் சுருங்கியது. ஆசிரியை வேறொரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினார். வழக்கமான கத்தரிக்கோல் வலக்கைக்கென்று செய்யப்பட்டது. இடக்கையால் அழுத்தினால் அதன் அலகுகள் நெருங்காமல் விலகும். இது அலகுகள் இடம் மாறிய, இடக்கைக்கான கத்தரிக்கோல். காகிதம் நேராக வெட்டுப்பட்டது. பிழை அவன் கையில் இல்லை என்பதை அந்தச் சிறு கருவி எனக்குச் சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை பிள்ளைகளே எலுமிச்சைச் சாறு கலந்தார்கள். எத்தனை கரண்டி சர்க்கரை, எத்தனை குவளை தண்ணீர் என்று எண்ணி, கரைவதைக் கண்டு, சுவைத்துப் பார்த்தார்கள். பிறகு சிற்றுண்டி நேரம். என் பேரன் பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கையால் உண்டான். நான் ஆசிரியையிடம், "சாப்பிட மட்டும் வலக்கையா?" என்று கேட்டேன். "அது நீங்கள் கற்பித்த ஒழுக்கம் அம்மா, அழகாகக் கடைப்பிடிக்கிறான். எழுதும் கையோ அவனுடைய மூளை தேர்ந்தது. பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவர் அப்படித்தான் பிறக்கிறார்கள்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) என்னும் சிறுவரின் நினைவு வந்தது. உணவுத் தட்டில் அவருடைய கை அங்குமிங்கும் அலைந்தபோது, அண்ணலார் அவரை அடிக்கவில்லை. இறைவன் பெயர் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகிலிருப்பதை எடுக்கவும் கனிவோடு கற்பித்தார்கள். உண்பதற்கான அந்த ஒழுக்கத்தை எழுதுகோலுக்கும் நீட்டி, கனிவை மட்டும் விட்டுவிட்டேனே!

என் தம்பியின் நினைவும் வந்தது. அவனும் இடக்கைப் பழக்கமுள்ளவன். அந்தக் காலத்தில் அவன் படித்த பள்ளியில் இடக்கை மணிக்கட்டைக் கயிற்றால் பெஞ்சோடு கட்டிவைத்தார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பின்னர் சொந்தமாகக் கடை வைத்தான்; ஆயினும் இன்று வரை கணக்கெழுதப் பிறரையே நம்பியிருக்கிறான். அவனுடன் தொலைபேசியில் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தான். "லாத்தா, அவன் கையையாவது விட்டுவிடுங்கள்" என்றான்.

சகோதரிகளே, அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குப் புறப்படும் முன் பேரனை மடியில் அமர்த்தி, அவனுடைய இடக்கையை எடுத்து முத்தமிட்டேன். "நன்னி அடித்தது தப்பு. இந்தக் கையால் நீ எழுதலாம். சோறு மட்டும் அந்தக் கையால்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டான். பிள்ளையின் நெஞ்சில் விழுந்த அச்சம் ஒரு முத்தத்தில் போய்விடுமா?

அன்று வகுப்பில், வாரம் முழுவதும் கண்டவற்றுள் பிடித்ததை வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் களிமண் பொம்மையையும், எலுமிச்சம் பழத்தையும் வரைந்தார்கள். என் பேரன் இடக்கையில் பச்சைத் துண்டை எடுத்து, பெரியதொரு முக்காடு போட்ட உருவத்தைச் சின்னஞ்சிறு நாற்காலியில் உட்கார வைத்தான். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். குச்சி கை மாறவில்லை. மீண்டும் குனிந்து, நாற்காலிக்கு நான்காவது காலை வரைந்தான். அல்ஹம்துலில்லாஹ்!

ஆசிரியை அருகில் வந்து, "உங்கள் குறையைச் சொல்லுங்கள் அம்மா" என்றார். குறை என்னிடத்தில் இருந்தது என்றேன்.

1837ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டில் இத்தகைய பள்ளியை முதலில் தோற்றுவித்த ஃப்ரோபெல் என்னும் அறிஞர், சில ஆண்டுகளில் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்ற பொருளில் கிண்டர்கார்ட்டன் எனப் பெயர் சூட்டினார். அந்தத் தோட்டத்திற்கு நாம் செய்யத்தக்கவை அரியவை அல்ல. வெள்ளை நோட்டைக் கண்டு பதறாதீர்கள். பிள்ளை என்ன செய்தான் என்று கேளுங்கள். சப்பாத்திக்கு மாவு பிசையும்போது ஓர் உருண்டையை அவன் கையில் கொடுங்கள். உணவு பரிமாறும்போது தட்டுகளை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். இடக்கைப் பிள்ளையாயின், மேசையின் இடக்கோடியில் உட்கார வையுங்கள், முழங்கை பிறர் மீது இடிக்காது. தாளையும் வலக்கைப் பிள்ளைக்குச் சாய்ப்பதற்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து வையுங்கள்.

என் தம்பிக்கு அந்தப் படத்தை அனுப்பி வைத்திருக்கிறேன். அவனுடைய கடையில், கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருப்பதாகச் சொன்னான். உங்கள் பிள்ளைகளின் இரு கைகளிலும் இறைவன் பரக்கத்தை நல்குவானாக!