புதிய கருவியில் எமக்கு என்ன வேண்டும்?

ஒரு புதிய மின்சாதனம் சந்தைக்கு வருவதற்கு முன்னரே, அதில் என்னென்ன வசதிகள் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு உலகெங்கும் எழுந்துவிடுகின்றது. 2009ஆம் ஆண்டு அப்பிள் நிறுவனத்தின் ‘ஐபொட் டச்’ விடயத்திலும் இதுவே நடந்தது. பாட்டையும் படத்தையும் சேமித்து, திரையை விரலால் தொட்டு இயக்கும் கையடக்கக் கருவி அது. 2007இல் முதலில் வந்தபோது அதில் ஒலிபெருக்கியோ ஒலிவாங்கியோ கமராவோ இருக்கவில்லை. 2008இல் சிறிய ஒலிபெருக்கி சேர்ந்தது. அடுத்ததில் கமரா நிச்சயம் வரும் எனப் பலரும் காத்திருந்தனர். செப்டெம்பர் 9ஆந் திகதி வெளிவந்த கருவியிலும் கமரா இல்லை. கமராவும் உள்ளே பொருத்திய ஒலிவாங்கியும் 2010இலேயே வந்தன.

அதே 2009இல்தான் எமது நாட்டில் போர் முடிந்தது. எமது பெண்கள் காத்திருந்தது வேறொன்றுக்காக.

கந்தளாய்ப் பகுதியில் நான் பணியாற்றும் பெண்கள் குழுவொன்றில், “இப்படியொரு கருவியை உங்களுக்காகவே செய்தால் அதில் என்ன இருக்க வேண்டும்?” என்று கேட்டேன்.

“ரேடியோ இருக்கவேணும்” என்றார் ஒருவர். அலைவரிசையைப் பிடிக்கும் எப்.எம். வானொலி ஐபொட் டச்சில் கடைசிவரை வரவில்லை.

“காதுக்குள்ள செருகுறது வேணாம் மகள். தனிய இருக்கிற எங்களுக்கு வாசல்ல ஆள் வந்தா கேக்கவேணும்” என்றார் இன்னொருவர்.

“ஈரக் கையால தொட்டாலும் வேலை செய்யவேணும்” என்றார் மூன்றாமவர். விரலின் மின்கடத்தும் தன்மையை உணர்ந்தே அத்திரை இயங்குவதால் ஈரம் பட்டால் தடுமாறும். அடுப்படியில் நிற்பவரிடம் கேட்டுச் செய்த கருவியல்ல அது.

கடைசியாக ஒரு வயதான அம்மா கேட்டார்: “மகன்ட குரல அதுக்குள்ள போட ஏலுமா?”

அவரது மகன் மத்திய கிழக்கில் வேலை செய்தபோது கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் பேசி அனுப்பியவர். ஊர் திரும்பிய பின் 1990இல் காணாமற்போனார். கசட் இருக்கிறது, போட்டுக் கேட்க ரெக்கோடர் இல்லை.

நான் சமூகவியல் படித்தவள். தேவை மதிப்பீட்டுப் படிவங்கள் பலவற்றை நிரப்பியிருக்கிறேன். வீடு, கிணறு, மலசலகூடம், சுயதொழில் என்று அவற்றில் கட்டங்கள் உண்டு. ஒரு குரலைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஆனால் அதுவும் தேவைதான்.

பழைய ரெக்கோடர் ஒன்றைத் தேடிப்பிடித்து, வயரால் கணினியுடன் இணைத்து, அந்தக் கசட்டைப் பிரதி செய்தோம். சில இடங்களில் இரைச்சல். ஆனால் குரல் தெளிவாக இருந்தது. தான் முதலில் தனியே கேட்க வேண்டும் என்றார் அம்மா. நாங்கள் வெளியே வந்து நின்றோம்.

உங்களிடமும் இப்படியொரு கசட் இருக்கலாம். ஒலிநாடா என்பது காந்தப் பூச்சுப் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் நாடா. ஈரலிப்பில் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் சுருளும், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைத்தால் பதிவு அழியலாம். கசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு தகடுகளையும் உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. பிரதி செய்ய அது ஓடும் நேரம் முழுவதும் வேண்டும்; அறுபது நிமிடக் கசட்டுக்கு அறுபது நிமிடம். கடையில் கொடுத்தால் கூடவே இருங்கள். அது உங்கள் வீட்டுப் பேச்சு. ஒரு பிரதியை உங்கள் கைத்தொலைபேசியிலும், இன்னொன்றை மெமரி காட்டில் நம்பிக்கையான உறவினரிடமும் வையுங்கள். மூலக் கசட்டையும் எறிய வேண்டாம்.

ஐபொட் டச் உற்பத்தியை நிறுத்துவதாக 2022 மே 10ஆந் திகதி அப்பிள் அறிவித்தது. இன்று நம்மில் பலரின் கையிலுள்ள தொலைபேசியும் ஒருநாள் பழுதாகும். கருவி போகட்டும். அதற்கு முன்னர் அதற்குள் இருக்கும் குரலை அடுத்ததற்கு மாற்றிவிட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடமும் கேட்டுப் பாருங்கள், அவரது பெட்டிக்குள் யாருடைய குரல் இருக்கிறதென்று.