கூலி தரும் வெளிச்சம்

அமெரிக்காவின் ஸ்மோக்கி மலையடிவாரத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் லட்சக்கணக்கான விளக்குகள் எரிகின்றன. வந்து பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. உள்ளூர்க்காரர்களுக்கு வயிற்றுப்பாடு.

நவம்பர் மாதக் கடைசி. மாலை ஐந்தரை மணிக்கே இருட்டு கவிந்துவிடுகிறது. டென்னஸி மாநிலத்தின் கிழக்குக் கோடியில், 40ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து 407ஆம் எண் வழி பிரியும் இடத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து இறங்குகின்றன. அட்லாண்டாவிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். நாஷ்வில்லிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். பின் இருக்கையில் கம்பளிக்குள் சுருண்டிருக்கும் குழந்தைகள், கூடவே தாத்தா, பாட்டி. நன்றி நவிலும் நாள் விடுமுறை தொடங்கிவிட்டது. எல்லோரும் போவது விளக்குப் பார்க்க.

விளக்குப் பார்க்க இவ்வளவு தூரமா என்று கேட்கத் தோன்றலாம். தசராவுக்கு மைசூர் அரண்மனையில் ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரிவதைப் பார்க்க பஸ் பிடித்துப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. வெளிச்சம் என்றால் மனிதனுக்கு எங்கேயும் ஓர் ஈர்ப்பு.

செவியர்வில், பிஜன் ஃபோர்ஜ், கேட்லின்பர்க். மலையை நோக்கிப் போகும் ஒரே சாலையில் கோத்த மூன்று ஊர்கள். நடுவில் உள்ள பிஜன் ஃபோர்ஜுக்குப் பெயர் கொடுத்தவை இரண்டு: ஒன்று, ஒரு காலத்தில் இங்கிருந்த இரும்புப் பட்டறை, மற்றொன்று, வானத்தை மறைத்துக்கொண்டு பறந்த பயணிப் புறாக்கள். பட்டறை போய்விட்டது. புறா இனமும் 1914இல் பூண்டோடு அழிந்தது. இன்று ஊரின் அடையாளம் விளக்குதான். 50 லட்சத்துக்கும் மேல் எரிகின்றன என்கிறது நகராட்சி. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டாலிவுட் பொழுதுபோக்குப் பூங்கா தன் பங்குக்கு 60 லட்சம் என்கிறது. யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எண்ண வேண்டிய அவசியமும் யாருக்கும் இல்லை.

விளக்குக் கம்பங்கள்தோறும் பனித்துகள் வடிவங்கள். சாலையோரங்களில் கரடி, மான், புகைவண்டி எல்லாமே சீரியல் பல்புகளால் ஆனவை. ஓரிடத்தில் காரை விட்டு இறங்கவே வேண்டாம். கார் ரேடியோவில் அவர்கள் சொல்லும் அலைவரிசையைத் திருப்பிவிட்டு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால், பாட்டின் தாளத்துக்கு விளக்குகள் ஆடும். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் மூன்று வயதுப் பேத்திக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய வேடிக்கை உலகத்தில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று. குடும்பங்கள் திரும்பத் திரும்ப இங்கே வருவதற்குக் காரணமும் அதுதான்.

பிஜன் ஃபோர்ஜைத் தாண்டியதும் வெளிச்சம் சட்டென்று அறுந்துபோகிறது. அடுத்த நான்கைந்து மைல் தூரம் கடை இல்லை, விளம்பரப் பலகை இல்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஆறு. இந்தச் சாலைத் துண்டு தேசியப் பூங்கா நிர்வாகத்துக்குச் சொந்தம். அதனால் ஒரு தோசைக்கல் அளவு இடத்தைக்கூட யாரும் வளைத்துப்போட முடியவில்லை. காருக்குள் சளசளத்துக்கொண்டிருந்த குழந்தைகள் இந்த இருட்டில் அடங்கிவிடுகின்றன. பிறகு ஒரு வளைவு. கேட்லின்பர்க் முழுவதும் ஒரே வீச்சில் கண்ணில் வந்து விழுகிறது.

மலைகளுக்கு இடையில் இடுக்கில் செருகியதுபோல் இருக்கும் ஊர் இது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நிரந்தரமாக வசிப்பவர்கள் 3,600 பேருக்கும் குறைவு. கடைத்தெரு ஒன்றுதான். காரை நிறுத்த இடம் தேடி அலைவதைவிட டிராலியில் ஏறிவிடுவது புத்திசாலித்தனம். டிராலி என்பது பழைய டிராம் வண்டியைப் போலச் செய்த பஸ். குளிர்காலத்தில் விளக்கு பார்ப்பதற்கென்றே தனிச் சுற்று விடுகிறார்கள். ஓட்டுநரே வழிகாட்டி. கண்ணாடி ஜன்னலில் மூச்சுப் பட்டுப் படியும் ஆவியைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு வருகின்றன குழந்தைகள். 1969இல் கட்டிய, 407 அடி உயரமுள்ள ஸ்பேஸ் நீடில் கோபுரம் ஒரு பக்கம் மின்னுகிறது. எதிரே மலைச்சரிவில், 2019இல் திறந்த 680 அடி நீளத் தொங்குபாலம் இருட்டில் ஒற்றை ஒளிக்கோடாகத் தெரிகிறது.

இறங்கி நடந்தால் மூக்குக்கும் வேலை உண்டு. மிட்டாய்க் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இயந்திரம் சர்க்கரைப் பாகை இழுத்து இழுத்து மடிக்கிறது. காலை நேரமானால் அப்பக் கடைகளின் வாசலில் கூட்டம். மலைக்குள் ஒளித்துக் காய்ச்சிய சாராயத்தைக்கூட 2010 முதல் சட்டப்படி கடை போட்டு, சின்னஞ்சிறு கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். பனி மட்டும் நிச்சயமில்லை. ஊருக்குள் அது எப்போதாவதுதான் பெய்யும். மேலே பனிச்சறுக்குத் திடலில் இயந்திரம் வைத்துப் பனி தயாரிக்கிறார்கள்.

இந்த விளக்குகள் ஏன் வந்தன என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

இந்த மலைகள் செரோக்கி மக்களுடையவை. 1838இல் அவர்களில் பெரும்பாலோரை ராணுவம் மேற்கே விரட்டியது. குடியேறிய வெள்ளையர்கள் மலை இடுக்குகளில் சோளம் விதைத்தார்கள், மரம் வெட்டினார்கள். 1934இல் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா உருவானபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. உழுவதற்கு நிலம் இல்லை, வெட்டுவதற்கு மரம் இல்லை. மிஞ்சியது, மலையைப் பார்க்க வரும் மனிதர்கள்தான். அமெரிக்காவிலேயே அதிகம் பேர் வரும் தேசியப் பூங்கா இது. 2021இல் பதிவான வருகைகள் 1 கோடியே 41 லட்சம்.

ஆனால் மலைக்கும் சீசன் உண்டு. கோடையில் ஆறு, அக்டோபரில் சிவந்து மஞ்சளாகும் இலைகள். நவம்பரில் இலையெல்லாம் உதிர்ந்ததும் பயணிகளும் உதிர்ந்துவிடுவார்கள். கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போவார். அறை சுத்தம் செய்தவரும் தட்டு எடுத்தவரும் வசந்தம்வரை சம்பளமில்லாமல் இருக்க வேண்டும். 1990இல் மூன்று ஊர்களும் சேர்ந்து குளிர்கால விழாவைத் தொடங்கின. இயற்கை காட்டாத காட்சியை மின்சாரத்தால் காட்டுவது என்று முடிவு. நவம்பரில் ஏற்றுகிற விளக்கு பிப்ரவரிவரை எரிகிறது. கிறிஸ்துமஸ் முடிந்து ஒன்றரை மாதமாகியும் ஏன் கழற்றவில்லை என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில். அந்த ஒன்றரை மாதமும் பலருக்குச் சம்பள நாட்கள்.

மின்சாரத்துக்கும் ஒரு கதை உண்டு. இந்தப் பகுதிக்கு மின்சாரம் தருவது 1933இல் ரூஸ்வெல்ட் காலத்தில் உருவான டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம். நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் அமைந்தபோது முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இதைத்தான். மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்த மலைக் குடிசைகளுக்கு ஒரு பல்பு வந்ததே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. அவர்களின் பேரன்மார் இன்று கரடிக்கும் மானுக்கும் பல்பு மாட்டுகிறார்கள். குண்டு பல்பு போய் எல்.இ.டி. வந்த பிறகு செலவு தாங்கக்கூடியதாகிவிட்டது. அதே வெளிச்சத்துக்கு நான்கில் ஒரு பங்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

இந்த ஊர் வேறொரு வெளிச்சத்தையும் பார்த்திருக்கிறது. 2016 இலையுதிர்காலத்தில் கடும் வறட்சி. நவம்பர் 23ஆம் தேதி பூங்காவுக்குள் ஒரு சிகரத்தில் சிறிய தீ. 28ஆம் தேதி சூறைக்காற்று அதை ஊருக்குள் தள்ளியது. காற்றில் மின்கம்பிகள் அறுந்து விழுந்து ஆங்காங்கே புதிதாகத் தீப்பிடித்தது. தகவல் தொடர்பு துண்டித்துப்போனதால், வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை கைபேசிகளுக்குப் போய்ச் சேரவில்லை. சுமார் 14,000 பேர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவோடிரவாக வெளியேறினார்கள். 14 பேர் இறந்தார்கள். 2,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தோ சேதமடைந்தோ போயின.

கடைத்தெரு பெரும்பாலும் தப்பியது. டிசம்பர் 9ஆம் தேதி, பதினொரே நாளில், ஊர் மறுபடி பயணிகளுக்குத் திறந்தது. சாம்பல் வாசனை போவதற்குள் விளக்குத் திருவிழாவா என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றியிருக்கும். வீட்டையும் இழந்து வேலையையும் இழந்து நின்றவருக்கு அப்படித் தோன்றியிருக்க முடியாது. விளக்கு எரிந்தால்தான் கார் வரும், கார் வந்தால்தான் வேலை வரும். இதே மாவட்டத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த பாடகி டாலி பார்ட்டன், வீட்டை இழந்த குடும்பங்களுக்கு மாதம் ஆயிரம் டாலர் என்று ஒரு நிதியைத் தொடங்கினார். கடைசித் தவணையை ஐயாயிரமாக உயர்த்தியதில், ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 10,000 டாலர் கிடைத்தது.

தீக்குப் பிறகு வந்த சிக்கல் இன்னும் தீரவில்லை. பயணிகளுக்கு வாடகைக்கு விடும் மர வீடுகள் சரிவுகளில் மளமளவென்று எழுந்துவிட்டன. அந்த வீடுகளைப் பெருக்குகிறவர்களுக்குக் குடியிருக்க இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மாத வாடகைக்கு வீடு கிடைக்காமல், வாரக் கூலியில் பாதியை வார வாடகையாகக் கொடுத்துவிட்டு மோட்டல் அறையிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. டென்னஸி தனக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றவில்லை. நாடு முழுவதற்குமான மணிக்கு 7.25 டாலர்தான் அங்கும் சட்டபூர்வ வரம்பு; அது 2009இலிருந்து மாறவில்லை. ஆள் கிடைக்காத நிலையில் நடைமுறையில் கூடுதலாகத்தான் தருகிறார்கள். ஆனால் கூலி ஏறும் வேகத்தைவிட வாடகை ஏறும் வேகம் அதிகம்.

மோட்டல் என்றதும் நம்மவர்கள் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்கச் சாலையோர விடுதித் தொழிலில் குஜராத்திகள் காலூன்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1989இல் அட்லாண்டாவில் தொடங்கிய ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம், நாட்டின் ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தன் உறுப்பினர்களுடையவை என்று சொல்லிக்கொள்கிறது. அட்லாண்டாவிலும் சார்லட்டிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நீண்ட வார இறுதி என்றால் ஸ்மோக்கி மலைதான். புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து, மர வீட்டில் குக்கர் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, இரவில் டிராலி ஏறுகிறார்கள்.

இவ்வளவு விளக்கையும் பார்த்து முடித்தவர்களுக்குத் தெரியாத இன்னொரு ஒளிக்காட்சி, ஊரிலிருந்து எட்டு மைலில், எல்க்மாண்ட் என்ற இடத்தில் இருக்கிறது. மே கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதிவரை இருட்டியதும் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. ஐந்து முதல் எட்டு முறை பளிச்சிடும். பிறகு எட்டு விநாடி போலக் காடே கறுத்துவிடும். மறுபடி எல்லாம் சேர்ந்து. அமெரிக்காவில் இப்படிச் சேர்ந்து மின்னும் மின்மினி கிடையாது என்றே விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். கோடைதோறும் எல்க்மாண்ட் குடிலின் திண்ணையில் குடும்பத்தோடு இதைப் பார்த்து வந்த லின் ஃபாஸ்ட் என்ற பெண்மணி, 1990களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளுக்கு எழுதி வரவழைத்துக் காட்டினார். அதே சமயம், 1992 இறுதியில், அந்தக் குடில்களில் பெரும்பாலானவற்றின் குத்தகை முடிந்து குடும்பங்கள் வெளியேறின.

இன்று அங்கே போகக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். ஓர் இரவுக்கு நூற்றுச் சொச்சம் வாகனங்களுக்குத்தான் அனுமதி. கைவிளக்கில் சிவப்பு அல்லது நீலக் காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். வேறு வெளிச்சம் பட்டால் பூச்சி இணை தேடும் குறிப்பு குழம்பிவிடும். தமிழ்நாட்டில் ஆனைமலைக் காட்டில் 2022இல் இப்படிச் சேர்ந்து மின்னும் மின்மினிகள் பதிவானபோது அங்கும் கேட்டது இதையேதான்: இருட்டைக் காப்பாற்றுங்கள். நவம்பரில் எவ்வளவு வெளிச்சம் முடியுமோ அவ்வளவையும் விற்கும் இந்த மலையடிவாரம், ஜூனில் கொஞ்சம் இருட்டைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. பூங்கா எல்லை என்று ஒன்று இல்லாதிருந்தால் அதுவும் எப்போதோ விற்றுப்போயிருக்கும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று கார் நகரும் வேகத்தில் குழந்தை தூங்கிவிடும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஜனவரியின் வார நாள் ஒன்றில் போனால் கூட்டம் குறைவு, அறை மலிவு, விளக்கு அப்படியே இருக்கும். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகலாம். காதை மூடும் தொப்பி அவசியம். அறையைக் காலி செய்யும்போது மேஜைமேல் சில டாலர்கள் வைத்துவிட்டு வாருங்கள். ஜனவரியில் அது வாங்குகிறவருக்குக் கூடுதலாக உதவும்.